சின்ன ஊர்ப் பள்ளியின் சேர்க்கையும் தேர்ச்சியும்: கணக்குப் பார்ப்பது எப்படி?

மொத்த எண்ணிக்கையை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஐந்து வருடப் பதிவேட்டிலிருந்து, ஒவ்வொரு வருடமும் ஒரே தேதிக்கான எண்ணிக்கையை வகுப்புவாரியாக எழுதுங்கள். வருடத் தொடக்கத் தேதி வேண்டாம்; அப்போது பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது.

அடுத்து குறுக்காகப் பாருங்கள். போன வருடம் ஒன்றாம் வகுப்பில் 20 பேர், இந்த வருடம் இரண்டாம் வகுப்பில் 17 பேர் என்றால் விகிதம் 0.85. இது வருடாவருடம் தொடர்ந்தால் பிள்ளைகள் நடுவில் கழன்றுகொள்கிறார்கள். (ஃபெயிலாகி அதே வகுப்பில் தங்கியவர்களைத் தனியாகக் குறியுங்கள், இல்லையென்றால் கணக்கு உதைக்கும்.) விகிதம் 1-ஐ ஒட்டியிருந்து ஒன்றாம் வகுப்பு மட்டும் சுருங்குகிறதா? அந்த வயதுக்குரிய பிறப்புப் பதிவோடு ஒப்பிடுங்கள். பிறப்பு குறையவில்லை என்றால் பெற்றோர் ஆரம்பத்திலேயே வேறு பள்ளியைத் தேடுகிறார்கள், அல்லது குடும்பங்களே ஊரைவிட்டுப் போகின்றன.

தேர்ச்சி விகிதத்தில்தான் பலர் ஏமாறுவது. 12 பேர் எழுதினால் ஒருவர் தவறினாலே 8.3 சதவீதம் இறங்கிவிடும். அதைப் பார்த்து ஆசிரியரைக் குறை சொல்வது அபத்தம். மூன்று வருடத்தைக் கூட்டுங்கள்: 12-க்கு 11, 10-க்கு 7, 14-க்கு 13. ஆக 36-க்கு 31, அதாவது 86.1 சதவீதம். மூன்று சதவீதங்களின் சராசரியை எடுத்தால் 84.8 வரும், அது தப்பு, சின்ன வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறது.

ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள வகுப்பின் முடிவை அறிவிப்புப் பலகையில் தனியாக ஒட்டாதீர்கள். யார் தவறியது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.