சம்பள உயர்வோடு சீர்திருத்தத்தை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1997 ஜனவரியில் நீதிபதி எஸ். ரத்னவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது ஊதியக் குழு மத்திய அரசிடம் அறிக்கை அளித்தது. சம்பளத்தைக் கூட்டச் சொன்ன அதே அறிக்கை, பத்தாண்டுகளில் ஊழியர் எண்ணிக்கையை 30 விழுக்காடு குறைக்கவும், காலியாகக் கிடந்த மூன்றரை லட்சம் பணியிடங்களை ஒழிக்கவும் பரிந்துரைத்தது. சம்பளப் பகுதியை அரசு ஏற்றது. வேலைநிறுத்த அறிவிப்பு வந்ததும் குழு சொன்னதைவிடக் கூடுதலாகவே கொடுத்தது. சீர்திருத்தப் பகுதியில் பெரும்பாலானது அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது.

உயர்வை முன்னால் கொடுத்துவிட்டு மாற்றத்தைப் பின்னால் கேட்பதுதான் முதல் தவறு. உயர்வுக்கு அரசாணை உண்டு, தேதி உண்டு, நிலுவைத் தொகை உண்டு. சீர்திருத்தத்துக்கோ ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரு வரிதான். இதற்கு ஊழியர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. யாரும் கேட்காத வாக்குறுதியை அவர்கள் ஏன் நிறைவேற்ற வேண்டும்?

அயர்லாந்து தவணை முறையில் இதைச் செய்து பார்த்தது. தனியார் துறையோடு ஒப்பிட்டு, 2002இல் பொதுத்துறை ஊழியர்களுக்குச் சராசரியாக 8.9 விழுக்காடு உயர்வு பரிந்துரைக்கப்பட்டது. கால் பங்கு நிபந்தனையின்றி. மீதி முக்கால் பங்கு நவீனமயமாக்கல் நடந்தால்தான். சரிபார்க்கத் தனிக் குழுக்களும் அமைந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிபந்தனைகள் பெரும்பாலும் ‘மாற்றத்துக்கு ஒத்துழைக்க வேண்டும்’ என்ற தோரணையில் இருந்தன. ஒத்துழைப்பை எந்தப் படியால் அளப்பது? கிட்டத்தட்ட எல்லோருக்கும் தவணை வந்து சேர்ந்தது. எந்தப் பதவியை எந்தத் தனியார் வேலையோடு ஒப்பிட்டார்கள் என்ற விவரத்தைக்கூட வெளியிடவில்லை. மக்களின் நம்பிக்கையை அது வெகுவாகக் கெடுத்தது.

பொருளாதாரம் சரிந்தபின் 2010இல் வந்த குரோக் பார்க் ஒப்பந்தம் இதைவிடத் தெளிவானது. (பேச்சுவார்த்தை நடந்த டப்ளின் விளையாட்டரங்கின் பெயர் அது.) ஏற்கெனவே வெட்டிய சம்பளத்தை 2014 வரை மேலும் வெட்டுவதில்லை, கட்டாய ஆட்குறைப்பும் இல்லை என்றது அரசு. பதிலுக்கு, ஊழியர்கள் 45 கிலோமீட்டருக்குள் வேறு அலுவலகத்துக்குப் போகச் சம்மதிக்க வேண்டும். நிபந்தனை என்றால் இப்படி இருக்க வேண்டும்: நிறைவேறியதா என்று யாரும் அளந்து சொல்லிவிடலாம்.

அந்த நாடே அடுத்த தவறையும் செய்தது. கெடு முடியுமுன் 2013இல் மீண்டும் சம்பளத்தில் கைவைக்க முனைந்தது. அந்தத் திட்டத்தைத் தொழிற்சங்கங்கள் வாக்களித்து நிராகரித்தன. திருத்தங்களோடு ஜூலையில் ஹாடிங்டன் சாலை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. வாரத்துக்கு 35 மணி நேரம் உழைத்தவர்கள் 37 மணி நேரம் உழைக்க வேண்டியதாயிற்று. செலவு குறைந்தது உண்மை. ஆனால் செலவுக் குறைப்பும் சீர்திருத்தமும் ஒன்றல்ல. நாற்காலியில் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்வதால் மட்டும் வரிசையில் நிற்பவரின் வேலை முடிந்துவிடாது.

அந்த வரிசையில் நிற்பவருக்குப் பேச்சுவார்த்தை மேசையில் இடமில்லை. ஆகவே அவருக்கான வரிகள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்: பட்டா மாறுதலுக்கு எத்தனை நாள், முதியோர் உதவித்தொகை மனுவுக்கு எத்தனை நாள் என்று. பக்கத்திலேயே அரசின் கடமையும் எழுதப்பட வேண்டும். ஐந்து பேர் இருக்க வேண்டிய அலுவலகத்தை இரண்டு பேரிடம் விட்டுவிட்டு, தாமதத்துக்காக அந்த இருவரின் உயர்வை நிறுத்திவைப்பது அநியாயம். அவர்கள் மீது கெடுவைச் சுமத்தும் முன், மீதி மூன்று இடங்களை எந்தத் தேதிக்குள் நிரப்புவோம் என்று அரசு கையெழுத்திட வேண்டும்.