தோட்டப்புற நகரத் தலைமையாசிரியருக்கு வழிகாட்டுநராக அமர்வது எப்படி?

ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டு, லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த குடும்பங்கள் நகரத்துத் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) மலிவுவிலை வீடுகளுக்கும் வந்துவிட்டதால், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் நகரத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் பல தோட்டங்களின் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் ஏற்கிறார். கல்வி அமைச்சின் பயிற்சி நிறுவனமான அமினுடின் பாக்கி கல்விக்கழகத்தின் தலைமைத்துவப் பயிற்சி அவருக்குத் தகுதியைத் தருகிறது. பதவியேற்ற பிறகு, தம் முடிவுகளை உரக்கச் சிந்திக்க அவருக்கு ஒருவர் வேண்டும். மலேசியாவின் 2013–2025 கல்வி மேம்பாட்டுத் திட்டம் இப்பணிக்கு மாவட்டக் கல்வி அலுவலகங்களில் அலுவலர்களை அமர்த்தியது. ஆனால், பள்ளியின் அடைவையும் கண்காணிக்க வேண்டியவரிடம் மனம்திறப்பது எளிதன்று. பணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களே இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள் என்பது என் கருத்து; அவர்களுக்கே இக்குறிப்புகள்.

முதல் சந்திப்பில் பள்ளியைப் பற்றிப் பேசாமல், இரகசியத்தைப் பற்றி முதலில் பேசுங்கள். சிற்றூரில் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் நீங்களும் ஒரே கோயில் நிர்வாகத்தில் இருக்கக்கூடும். கேட்டது எதுவும் அங்கே போகாது, மாவட்ட அலுவலகத்துக்கும் போகாது என்று தெளிவாகச் சொல்லி, பிள்ளைகளின் பாதுகாப்பு தொடர்பானவை மட்டுமே இதற்கு விலக்கு என்பதையும் அப்போதே உடன்பட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரே ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிய யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின், பள்ளியின் நிலையைப் பெரும்பாலும், ஆசிரியரே வகுப்பில் செய்யும் வகுப்புசார் மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளில் தேட வேண்டியிருக்கிறது. 'வாசிப்பை உயர்த்த வேண்டும்' என்று அவர் சொன்னால், இரண்டாம் ஆண்டில் மிகக் கீழான அடைவுநிலை 1, 2-இல் நிற்கும் பிள்ளைகள் யார், அவர்களுக்கு யார் கற்பிக்கிறார், அந்த வகுப்பைக் கடைசியாக எப்போது பார்வையிட்டீர்கள் என்று கேளுங்கள்.

உரையாடலுக்கு இலக்கு, நிலவரம், வழிகள், உறுதி என்ற நான்கு படிகள் உதவும். வழிகாட்டல் பயிற்சி நூலாசிரியர் ஜான் விட்மோர் பரப்பிய இம்முறை பல நாடுகளில் கையாளப்படுகிறது. நம்மிடையே இது இடறும் இடம் மூன்றாம் படி. "ஐயா, உங்களுக்கு அனுபவம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்" என்று அவர் மரியாதையோடு கேட்பார். முப்பதாண்டு அனுபவம் உங்கள் நாவின் நுனிக்கு வந்துவிடும். அங்கே பொறுத்திருங்கள். "நான் சொல்கிறேன், டீச்சர், அதற்குமுன் நீங்கள் யோசித்த இரண்டு வழிகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை அமைதியாக இருங்கள். அந்த மௌனம் இருவருக்கும் சங்கடமாக இருக்கும். ஆயினும் அதில்தான் தம் ஆசிரியர்களையும் தம் பள்ளியையும் அறிந்த தலைமையாசிரியர் தமக்கே உரிய விடையைக் கண்டடைகிறார், நாம் தரும் விடையோ நம் காலத்துப் பள்ளிக்கு உரியதாக இருந்துவிடுகிறது. சட்டவிதி, நிதி நடைமுறை போன்றவற்றைக் கேட்டால் மட்டும் உடனே நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

அறையில் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். வகுப்பைப் பார்வையிட்ட பின் தலைமையாசிரியர் ஓர் ஆசிரியருடன் பேசும்போது, அந்த ஆசிரியரின் இசைவோடு ஓரமாக அமர்ந்து, தலைமையாசிரியர் எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை கட்டளை இட்டார் என்று சொல் மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். கருத்தேதும் எழுதாமல் அந்தத் தாளை அவரிடமே கொடுத்து, எதை மாற்ற விரும்புகிறார் என்று கேளுங்கள்.

இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொரு முறையும் அடுத்த சந்திப்புக்குள் செய்யப்போகும் ஒன்றை அவரே தம் கையால் எழுதட்டும். அடுத்த சந்திப்பை அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள்.