ஜெபம் வராத நாட்களில் என்ன செய்வது

"ஜெபம் வரவில்லை அக்கா, வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிகிறது" என்று ரங்கூனில் எங்கள் சபைப் பெண்கள் வந்து சொன்னால், நான் முதலில் கேட்பது ராத்திரி தூங்கினாயா, காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதைத்தான். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவரை இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் பேசியதெல்லாம் அப்புறம்தான், ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடந்துபோன பிறகு. கரண்ட் இல்லாத புழுக்கத்தில் விடியவிடியப் புரண்டுவிட்டு, என் விசுவாசம் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தெருமுனையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா, அதுதான் நம் மீன்குழம்பு நூடுல்ஸ், சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் கொஞ்சம் கண்ணயருங்கள்.

பிறகு சொந்த வார்த்தை தேடாமல் சங்கீதம் 13-ஐ வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம். கடைசியில் வரும் துதி உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் 88-க்குப் போங்கள். அதில் ஆறுதலான முடிவே கிடையாது. ஆனாலும் அழுகிறவன் கர்த்தரைப் பார்த்துத்தான் அழுகிறான். உங்கள் அழுகையும் ஜெபக் கணக்கில்தான் சேரும்.

அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனை இங்கே தெரியாத கிறிஸ்தவர் இல்லை. 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்கவே 1819 ஆயிற்று. பிரசங்கங்களில் இதைச் சொல்லிவிட்டு நேரே பர்மிய வேதாகமத்துக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் நடந்தது நமக்குத் தேவை. 1826-ல் மனைவி ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் இரண்டு வயது மகளும் போனாள். மௌல்மீன் பக்கத்துக் காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார், தனக்கே குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாவை நினைத்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்று 1829-ல் எழுதினார். வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தது 1834-ல். மனம் தெளிய அவருக்கே வருஷக்கணக்கில் பிடித்தது. உபவாசக் கூட்டம் முடிந்தும் மனம் தெளியவில்லை என்று நீங்கள் பதற வேண்டாம்.

ஆனால் அவருடைய குடிசையைப் பின்பற்றாதீர்கள். ஞாயிறு தோறும் கடைசி பெஞ்சிலாவது வந்து உட்காருங்கள். கீர்த்தனை வாயில் வராவிட்டால் மற்றவர்கள் பாடுவார்கள், கேட்டுக்கொண்டிருங்கள். "ஏதோ பாவத்தை மறைக்கிறாய், அதான்" என்று யாராவது வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். அப்படிப் பேசாமல் கூட உட்காரும் ஒருத்தி போதும். மகன் மலேசியாவுக்குப் போனபின் எனக்கு அப்படி ஒரு பக்கத்து வீட்டம்மா இருந்தார், புத்தமதத்துக்காரர்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் காலைவரை காத்திருக்காதீர்கள். எலியாவும் அதைச் சொல்லித்தான் கேட்டார், அதில் வெட்கம் இல்லை. அந்த ராத்திரியே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஊரடங்கு நேரம் என்றால் போன் பண்ணுங்கள், எடுக்கும்வரை பண்ணுங்கள்.