ஜீப்புக்கு எஃப்.சி. எப்போது எடுக்க வேண்டும்?

கம்பம், போடி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போக முதன்முதலாக ஜீப் வாங்குகிறவர்கள் என் பட்டறைக்கு வந்தால், "அண்ணே, எஃப்.சி. எப்ப எடுக்கணும்?" என்று கேட்காமல் போவதில்லை. எஃப்.சி. என்றால், வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று கொடுக்கிற சான்று.

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கணக்கு அங்கேதான் பிரிகிறது. வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு புது வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து 2 ஆண்டு கவலையில்லை. பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதைத் தாண்டினால் வருடா வருடம். வெள்ளை போர்டு சொந்த வண்டிக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 ஆண்டு செல்லும். முடிகிற சமயம் வண்டியைக் காட்டிப் புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு கிடைக்கும். வெள்ளை போர்டில் கூலிக்கு ஆள் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

அடுத்து, முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்.சி. தீர்ந்த மஞ்சள் போர்டு வண்டி, சட்டப்படி பதிவே இல்லாத வண்டிக்குச் சமம்.

தேதிக்கு ஒரு மாதம் முன்பே பிரேக்கைப் பாருங்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். போன வாரம் ஒரு ஜீப்பின் பின் சக்கர டிரம்மைக் கழற்றினேன். லைனர் ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வீல் சிலிண்டரில் ஆயில் கசிந்து, தூசியோடு சேர்ந்து பசைபோல ஒட்டியிருந்தது. அந்த வண்டியில்தான் தினமும் பெண்கள் தோட்டத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். கம்பமெட்டு இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதித்துப் பிடிப்பு போய்விடும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். ஹேண்ட் பிரேக்கையும் மேட்டில் நிறுத்திச் சோதியுங்கள்.

பிறகு அரசின் பரிவாஹன் இணையதளத்தில் கட்டணம் கட்டி நாள் வாங்குங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது, ஆர்.சி. நான்கும் கையில் இருக்கட்டும். வண்டியைச் சோதிக்கிற அதிகாரியான பிரேக் இன்ஸ்பெக்டர், விளக்கு, ஹாரன், வைப்பர், டயர், ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் பார்ப்பார். ஃபிரேமில் பொறித்திருக்கும் சேஸ் நம்பர் மேல் படிந்த கிரீஸை முதல் நாளே துடைத்துவிடுங்கள். நம்பர் தெரியாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு ஒன்று. இங்கே எடுத்த எஃப்.சி. குமுளிக்கு அந்தப் பக்கமும் செல்லும், இந்தியா முழுக்கச் செல்லும். ஆனால் கேரளாவுக்குள் வாடகைக்கு ஓட்ட பெர்மிட் தனியாக வேண்டும், எஃப்.சி. இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.