ஈஎஸ்எக்ஸ்ஐ-ல இருந்து பிராக்ஸ்மாக்ஸுக்கு மாத்தின விஎம்-ல நெட் வரலையா? பாக்கெட் எங்க நிக்குதுன்னு முதல்ல பாருங்க

2023 நவம்பர்ல பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடிச்சதுக்கப்புறம் லைசென்ஸ் முறையே மாறிப்போச்சு, அதனால விஎம்வேரோட ஈஎஸ்எக்ஸ்ஐ-ல ஓடிட்டிருந்த விஎம்களை (ஒரே சர்வருக்குள்ள ஓடற மெய்நிகர் கம்ப்யூட்டர்கள்) தூக்கிட்டு வந்து, அதே வேலையைச் செய்யற பிராக்ஸ்மாக்ஸ்ல வைக்கறது இப்ப நிறைய அட்மின்களோட தலையில விழுந்திருக்கற வேலை. 2024-ல வந்த 8.2 வெர்ஷன்ல ஈஎஸ்எக்ஸ்ஐ-ல இருந்து நேரா இழுத்துக்கற இம்போர்ட் விசார்ட் இருக்கறதால டிஸ்க் கொண்டுவர்றது பெரிய கஷ்டம் இல்ல. விஎம் பூட் ஆகிடும், லாகின் ஸ்கிரீன் வந்துடும், சரி முடிஞ்சுதுன்னு நினைக்கறப்ப பார்த்தா பிங் (இன்னொரு மெஷின் பதில் சொல்லுதான்னு பாக்கற கமாண்ட்) போகாது.

இந்த இடத்துல பெரும்பாலானவங்க பண்றது, விஎம்-க்குள்ள ஐபி-யை மாத்திப் பாக்கறது, பிரிட்ஜை (விஎம்களை நிஜ நெட்வொர்க் கார்டோட இணைக்கற சாஃப்ட்வேர் சுவிட்ச்) அழிச்சுட்டுத் திரும்பப் போடறது, ஃபயர்வாலை ஆஃப் பண்றது, அது இதுன்னு அஞ்சாறு விஷயத்தை ஒரே நேரத்துல தொட்டுட்டு கடைசில எதால கெட்டுச்சு எதால சரியாச்சுன்னே தெரியாம நிக்கறது. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ஒரு செட்டிங்கைக்கூட மாத்தறதுக்கு முன்னாடி பாக்கெட் எதுவரைக்கும் போகுதுன்னு பாருங்க, அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

எப்படின்னா, பிராக்ஸ்மாக்ஸ் வெப் பேஜ்ல இருந்தே விஎம்-மோட கன்சோலைத் திறந்து கேட்வேக்கு (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடற ரௌட்டர்) பிங் போட்டு அப்படியே ஓட விட்டுடுங்க. இன்னொரு பக்கம் ஹோஸ்ட்ல (பிராக்ஸ்மாக்ஸ் ஓடற சர்வர்) பாக்கெட்டைக் காட்டற டிசிபிடம்ப் கமாண்டை மைனஸ் ஈ, மைனஸ் என் ரெண்டும் சேத்து ஏஆர்பி-யை (ஒரு ஐபி எந்த மேக்கோடதுன்னு கேக்கற பாக்கெட்) மட்டும் பாக்கற மாதிரி ஓட்டுங்க, மைனஸ் ஈ இருந்தாத்தான் மேக் அட்ரஸும் (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) விலான் டேகும் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கற நம்பர்) தெரியும். விஎம் நம்பர் 101-னா அதோட முதல் கார்டு ஹோஸ்ட்ல டாப்101ஐ0-ங்கற பேர்ல இருக்கும், முதல்ல அதுல பாருங்க, அப்புறம் பிரிட்ஜ்ல சொருகியிருக்கற நிஜ நெட்வொர்க் கார்டுல பாருங்க. "ஹூ-ஹேஸ் 10.20.5.1 டெல் 10.20.5.40" மாதிரி ஒரு லைன் செகண்டுக்கு ஒண்ணு வரணும். 10.20.5.1-ங்கறது யாருன்னு 10.20.5.40 கேக்குதுன்னு அர்த்தம், பதில் வந்தா அடுத்த லைன்லயே "இஸ்-அட்"னு ஒரு மேக் அட்ரஸ் இருக்கும்.

டாப்லயே எதுவும் வரலைன்னா கோளாறு விஎம்-க்குள்ள. டாப்ல வருது, நிஜ கார்டுல வரலைன்னா ஹோஸ்ட்ல. நிஜ கார்டு வழியா வெளிய போகுது ஆனா பதிலே இல்லைன்னா சுவிட்ச், விலான், இல்லாட்டி கேட்வே. பதில் நிஜ கார்டுவரைக்கும் வந்துட்டு டாப்புக்கு வரலைன்னா பெரும்பாலும் ஹோஸ்ட்ல இருக்கற ஏதோ ஒரு ஃபயர்வால். எந்தப் பக்கம்னு தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சிடுச்சு, மீதிப் பக்கங்களைத் தொடவே வேண்டாம்.

விஎம்-க்குள்ளன்னா

லினக்ஸ் விஎம்-ல பத்துக்கு ஏழெட்டு கேஸ் ஒண்ணேதான், கார்டோட பேர் மாறியிருக்கும். விஎம்வேர்ல விஎம்எக்ஸ்நெட்3-ங்கற மெய்நிகர் கார்டு வழக்கமா ஈஎன்எஸ்192-னு வரும், அதே விஎம் பிராக்ஸ்மாக்ஸ்ல விர்ட்ஐஓ-ங்கற மெய்நிகர் கார்டோட எழுந்தா ஈஎன்எஸ்18 ஆகிடும். கார்டு எந்த ஸ்லாட்ல இருக்குன்னு பாத்துத்தான் சிஸ்டம்டி (லினக்ஸை எழுப்பி நடத்தற சாஃப்ட்வேர்) பேர் வைக்குது, ஸ்லாட் மாறிச்சு, பேரும் மாறிச்சு. ஆனா உங்க கான்ஃபிக் ஃபைல்ல இன்னும் 192-க்குத்தான் ஐபி எழுதியிருக்கும், அப்படி ஒரு கார்டே இப்ப இல்ல, 18-ஐ யாரும் எழுப்பவும் இல்ல. டெபியன்னா இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல பழைய பேர் வர்ற எல்லா இடத்துலயும் புதுப் பேரைப் போடுங்க, ஆட்டோ லைன்ல ஒண்ணு ஐஃபேஸ் லைன்ல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல இருக்கும், ஒண்ணை மாத்திட்டு இன்னொண்ணை விட்டுடறது ரொம்ப சகஜம். உபுண்டுன்னா நெட்பிளான் ஃபைல்ல மாத்திட்டு 'நெட்பிளான் ட்ரை' கொடுங்க, 120 செகண்டுக்குள்ள நீங்க ஓகே சொல்லலைன்னா பழையபடி ஆக்கிடும். உபுண்டுல க்ளவுட்-இனிட் (பூட் ஆகறப்ப தானா செட்டிங் எழுதற சாஃப்ட்வேர்) ஓடுதான்னும் பாத்துக்கோங்க, ஓடுதுன்னா நீங்க கையால எழுதினதை அடுத்த பூட்ல அது அழிச்சு எழுதிட வாய்ப்பு இருக்கு, அதனால க்ளவுட்-இனிட்ல நெட்வொர்க் கான்ஃபிக்கை டிசேபிள் பண்ணிட்டுத்தான் நெட்பிளானைத் தொடணும்.

ரெட்ஹேட், ராக்கி, அல்மா பக்கம்னா கொஞ்சம் ஏமாத்தும். நெட்வொர்க் மேனேஜர் புதுக் கார்டைப் பாத்ததும் தானாவே ஒரு டிஹெச்சிபி (ஐபி-யைத் தானா வாங்கிக்கற முறை) கனெக்ஷன் உருவாக்கி வெச்சிருக்கும், அதனால ஐபி ஒண்ணு இருக்கும், ஆனா உங்க ஐபி இருக்காது. 'என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ஷோ' போட்டுப் பாருங்க, பழைய ப்ரொஃபைல் எந்தக் கார்டும் இல்லாம சும்மா உக்காந்திருக்கும், அதுல இன்டர்ஃபேஸ் பேரை மாத்தி எழுப்பிட்டு தானா வந்ததை அழிச்சிடுங்க. பழைய சென்டாஸ் 7-ன்னா ஃபைல்ல ஹெச்டபிள்யூ அட்ரஸ்-னு பழைய மேக் எழுதியிருக்கான்னும் பாக்கணும், அது பொருந்தலைன்னா பேர் சரியா இருந்தாலும் கார்டு எழுந்திரிக்காது.

மேக்னு சொல்றப்ப ஒண்ணு. விஎம்வேர் கொடுத்த மேக் 00:50:56-லயோ 00:0சி:29-லயோ ஆரம்பிக்கும், பிராக்ஸ்மாக்ஸ் இப்ப கொடுக்கறது பிசி:24:11-ல ஆரம்பிக்கும். டிஹெச்சிபி ரிசர்வேஷன் (மேக்கைப் பாத்து எப்பவும் ஒரே ஐபி கொடுக்கறது), மேக் வெச்சு லைசென்ஸ் பாக்கற சாஃப்ட்வேர், இதெல்லாம் இருந்தா விஎம்-மோட ஹார்டுவேர் பக்கத்துல பழைய மேக்கையே டைப் பண்ணிடுங்க, அதுதான் ரொம்ப நிம்மதி. ஆனா அப்படிப் பண்ணினா பழைய சர்வர்ல அந்த விஎம் மறுபடி எழுந்திரிக்கவே கூடாது.

விண்டோஸ் கதை வேற. விர்ட்ஐஓ டிரைவர் இல்லைன்னா விண்டோஸுக்கு கார்டே தெரியாது, அவசரத்துக்கு கார்டு டைப்பை இன்டெல் இ1000-னு மாத்தினா வேலை நடக்கும், அப்புறம் விர்ட்ஐஓ ஐஎஸ்ஓ-வை மவுன்ட் பண்ணி டிரைவர் போட்டுட்டு மாத்திக்கலாம். அடுத்தது, புதுக் கார்டுக்கு பழைய ஐபி-யைக் கொடுத்தா இந்த ஐபி வேற அடாப்டர்ல இருக்குன்னு ஒரு வார்னிங் வரும். பழைய விஎம்எக்ஸ்நெட்3 கார்டு போயிடுச்சு, ஆனா ரிஜிஸ்ட்ரில அதோட ஐபி-யும் கேட்வேயும் அப்படியே இருக்கு. டிவைஸ் மேனேஜர்ல வியூ மெனுவுக்குப் போய் ஷோ ஹிடன் டிவைசஸ் டிக் பண்ணினா மங்கலா தெரியும், அதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ஐபி கொடுங்க. கடைசியா, புது நெட்வொர்க்கை விண்டோஸ் பப்ளிக்னு எடுத்துக்கிட்டா பிங்கும் ரிமோட் டெஸ்க்டாப்பும் வெளியில இருந்து வராது, உள்ள இருந்து எல்லாம் போகும், அதனால ப்ரொஃபைலைப் பாத்து பிரைவேட் ஆக்குங்க. விஎம்வேர் டூல்ஸை மட்டும் பழைய சர்வர்ல இருக்கும்போதே எடுத்துடுங்க, இங்க வந்தப்புறம் அது ஒழுங்கா அன்இன்ஸ்டால் ஆகாம அடம் பிடிக்கும்.

ஹோஸ்ட்லன்னா

விலான்தான் முதல் சந்தேகம். ஈஎஸ்எக்ஸ்ஐ-ல விலான் நம்பர் போர்ட் குரூப்ல (விஎம் கார்டுகள் சொருகற வி-சுவிட்ச் குரூப்) இருக்கும், விஎம்-ல இருக்காது, அதனால மாத்தறப்ப அந்த நம்பர் கூட வராது. பிராக்ஸ்மாக்ஸ்ல விஎம்-மோட கார்டு செட்டிங்ல விலான் டேக்-னு ஒரு கட்டம் இருக்கு, போர்ட் குரூப்ல 20 இருந்தா இங்கயும் 20. போர்ட் குரூப்ல 4095 இருந்திருந்தா விஎம்-மே டேக் போட்டுக்குதுன்னு அர்த்தம், அதுக்கு கட்டத்தைக் காலியா விட்டுட்டு பிரிட்ஜ்ல விலான் அவேர் டிக் பண்ணிக்கோங்க. ஃபயர்வால் விஎம், ரௌட்டர் விஎம் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடும்.

அடுத்தது, யாராவது வசதிக்காக ஹோஸ்ட்லயே டாக்கர் (அப்ளிகேஷன்களைத் தனித்தனி கன்டெய்னர்ல ஓட்டற சாஃப்ட்வேர்) போட்டிருக்காங்களான்னு பாருங்க. டாக்கர் ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட ஃபயர்வால்) ஃபார்வர்ட் பாலிசியை டிராப்னு மாத்திடும், பிரிட்ஜ் பாக்கெட்டை அந்த ஃபயர்வால் வழியா அனுப்பற பிஆர்-நெட்ஃபில்டர் மாட்யூலும் லோடு ஆகியிருந்தா பிரிட்ஜ் வழியா போற விஎம் பாக்கெட்டும் அந்த ரூல்ல மாட்டிக்கும். இதுல ஏஆர்பி போகும், பதில் வரும், ஆனா பிங் போகாது, அதனால ஏஆர்பி மட்டும் பாத்துட்டு நிறுத்தாம ஐசிஎம்பி-யையும் (பிங்கோட பாக்கெட்) ஒருதடவை பாருங்க. ஹோஸ்ட்ல டாக்கர் வேண்டவே வேண்டாம், அதுக்குன்னு தனி விஎம் போட்டுக்கோங்க.

வெளியிலன்னா

ரெண்டு கேபிளைச் சேத்து ஒரே இணைப்பா ஆக்கற பாண்ட் போட்டிருந்தா கவனமா பாருங்க. ஈஎஸ்எக்ஸ்ஐ-ல சாதாரண வி-சுவிட்ச் டீஃபால்ட் செட்டிங்ல ரெண்டு கேபிள் இருந்தாலும் சுவிட்ச்ல எதுவும் பண்ணத் தேவையில்ல, ஆனா பிராக்ஸ்மாக்ஸ்ல எல்ஏசிபி-னு (ஹோஸ்டும் சுவிட்சும் பேசி கேபிள்களைச் சேக்கற முறை) பாண்ட் போட்டுட்டா சுவிட்ச்லயும் அதே மாதிரி செட் பண்ணியிருக்கணும். ஹோஸ்ட்ல ப்ராக், நெட், பாண்டிங் ஃபோல்டருக்குள்ள இருக்கற பாண்ட்0 ஃபைலைப் படிச்சீங்கன்னா பார்ட்னர் மேக் அட்ரஸ்-னு ஒரு லைன் இருக்கும், அது 00:00:00:00:00:00-னு எல்லாம் பூஜ்யமா இருந்தா சுவிட்ச் எல்ஏசிபி பேசவே இல்லைன்னு அர்த்தம். நெட்வொர்க் டீம்கிட்ட அந்த லைனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, வாக்குவாதமே இருக்காது. சுவிட்சைத் தொட முடியாதுன்னா ஆக்டிவ்-பேக்கப் (ஒரு கேபிள் ஓடும், மத்தது காத்திருக்கும்) மோடுக்கு மாத்திட்டுப் போயிட்டே இருங்க.

எல்லாம் சரியா இருக்கு, ஒரே சப்நெட்ல இருக்கற மெஷின் எல்லாம் பேசுது, வெளிய மட்டும் போகலைன்னா கேட்வே இன்னும் பழைய மேக்கையே ஞாபகம் வெச்சிருக்கும். சிஸ்கோ ரௌட்டர்ல ஏஆர்பி டைம்அவுட் டீஃபால்ட்டா 4 மணி நேரம், அதுவரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, விஎம்-க்குள்ள இருந்து ஏஆர்பி அனுப்பற ஆர்பிங் கமாண்டுக்கு மைனஸ் பெரிய யூ கொடுத்து சொந்த ஐபி-யை அறிவிச்சுட்டா போதும், இல்லாட்டி ரௌட்டர்ல அந்த என்ட்ரியை க்ளியர் பண்ணச் சொல்லுங்க.

நெட் வருது போகுது, வருது போகுதுன்னு இருந்தா உடனே பழைய சர்வரைப் போய்ப் பாருங்க, அங்க அந்த விஎம் ஆட்டோஸ்டார்ட்ல எழுந்து உக்காந்திருக்கும். பக்கத்து மெஷின்ல இருந்து அந்த ஐபி-க்கு ஆர்பிங் போட்டா ரெண்டு மேக்ல இருந்து பதில் வரும், ஒண்ணு 00:50:56-னு ஆரம்பிச்சா ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. மேக்கை அப்படியே கொண்டுவந்திருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அதனால ஆர்பிங்கை மட்டும் நம்பாம பழைய சர்வர்ல நேரா பாத்துடுங்க. அங்க பவர் ஆஃப் பண்ணினா மட்டும் பத்தாது, அந்த விஎம்-மோட கார்டுல கனெக்ட் அட் பவர் ஆன் டிக்கையும் எடுத்துடுங்க.

இன்னொரு வகை இருக்கு, பிங் போகும், எஸ்எஸ்ஹெச் (ரிமோட் லாகின்) கனெக்ட் ஆகற மாதிரி வந்து தொங்கும், சின்ன பேஜ் திறக்கும் பெரிய பேஜ் திறக்காது. இது எம்டியூ (ஒரு பாக்கெட்ல போகக்கூடிய அதிகபட்ச பைட்) கோளாறு. பிங்ல துண்டு போடாதேங்கற ஆப்ஷனோட சைஸ் 1472 கொடுங்க, ஹெட்டர் 28 சேந்து 1500. அது போகலை, 1422 போகுதுன்னா நடுவுல விஎக்ஸ்லான் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள்ள வெச்சு அனுப்பற முறை) இருக்கு, அது 50 பைட் எடுத்துக்கும், விஎம்-ல எம்டியூ 1450 வெச்சா சரியாகிடும். ஸ்டோரேஜுக்கு 9000 வெச்சிருந்தவங்க 8972 கொடுத்துப் பாருங்க, புது பிரிட்ஜ்ல 9000 போட மறந்திருப்பாங்க.

சரியானதும் கன்சோலை மூடிடாதீங்க, கையால கமாண்ட் போட்டுக் கொடுத்த ஐபி ரீபூட்ல போயிடும். அதனால டவுன்டைம் முடியறதுக்குள்ளேயே விஎம்-ஐ ஒருதடவை, முடிஞ்சா ஹோஸ்டையும் ஒருதடவை ரீபூட் பண்ணி, பிங், டிஎன்எஸ், பேக்அப் சர்வருக்கான ரூட் மூணும் வருதான்னு பாத்துட்டு, அப்புறம்தான் யூசர்ஸுக்கு மெயில் போடுங்க.