மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்: அட்மிஷன் நாளிலேயே தொடங்கும் தவறுகள்

கிளெய்ம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லா பில்லும் கொடுத்தோமே, இன்னும் என்ன வேண்டுமாம்?" பில்லில் குறை இருந்தால் ஒரு விளக்கக் கடிதத்தோடு அநேகமாகச் சரியாகிவிடும். கிளெய்மைக் கவிழ்க்கும் பெரிய குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நோயாளி சேர்ந்த முதல் சில மணி நேரத்தில் எழுதப்பட்ட குறிப்பில், சிகிச்சைப் பதிவேடான கேஸ் ஷீட்டில், வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில். பணத்தை அனுமதிக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவ அதிகாரி நோயாளியை நேரில் பார்ப்பதே இல்லை. மருத்துவமனையிலிருந்து வரும் தாள்களை வைத்துத்தான் அவர் முடிவெடுக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு படிவத்தை எவ்வளவு கவனமாக நிரப்பினாலும், உள்ளே எழுதப்பட்டதை அது மாற்றாது. அதனால் இந்தக் கட்டுரை படிவத்தைப் பற்றிக் குறைவாகவும், மருத்துவமனைக்குள் நடப்பதைப் பற்றி அதிகமாகவும் பேசுகிறது.

கேஷுவாலிட்டியில் சொல்லும் ஒரு வாக்கியம்

இரவு நேரம். மூச்சுத்திணறலோடு அப்பாவைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பணியில் இருக்கும் இளம் மருத்துவர் கேட்கிறார்: "சுகர், பிரஷர் உண்டா? எத்தனை வருடமாக?" பதற்றத்தில் நிற்கும் மகன், "சுகர் இருக்கிறது டாக்டர், ஒரு பத்து வருடம் இருக்கும்" என்கிறார். அந்தக் குடும்பம் பாலிசி எடுத்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. ஆனால் கேஸ் ஷீட்டில் பதிவானது பத்து ஆண்டு. நிறுவனத்தின் கணக்கு எளிது: பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்திருக்கிறது, விண்ணப்பத்தில் மறைத்திருக்கிறார்கள்.

இதைத் தவிர்ப்பது கடினமில்லை. நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டபோது எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் முதல் மருந்துச் சீட்டையும் படம் எடுத்து, வீட்டில் இரண்டு பேருடைய கைபேசியிலாவது வைத்திருங்கள். கேட்கும்போது தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் "சரியாகத் தெரியவில்லை" என்பதே சரியான பதில். குத்துமதிப்பாகச் சொல்லும் எண் அப்படியே பதிவாகிவிடும். "எப்போதாவது குடிப்பார்" என்ற பதில் "மதுப்பழக்கம் உள்ளவர்" என்று மாறி, கல்லீரல் சிகிச்சைக்கான கிளெய்மைச் சிக்கலாக்குவதும் இப்படித்தான்.

அட்மிஷனுக்கு மறுநாள், சிகிச்சை அளிக்கும் மூத்த மருத்துவரிடம் கேஸ் ஷீட்டில் நோய் வரலாறு என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தவறு இருந்தால் பழைய அறிக்கையைக் காட்டி, திருத்தக் குறிப்பைக் கையெழுத்தோடும் தேதியோடும் எழுதித் தரச் சொல்லுங்கள். இது டிஸ்சார்ஜுக்கு முன்பே நடக்க வேண்டும். நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகு வாங்கும் மருத்துவர் கடிதத்தை நிறுவனம் சந்தேகத்தோடுதான் படிக்கும். உண்மையாகவே பத்து ஆண்டு இருக்கும் நோயை இரண்டு ஆண்டு என்று மாற்றச் சொல்வது வேறு விஷயம். அது மோசடி. பழைய ஆய்வக அறிக்கைகளும் வேறு மருத்துவமனைப் பதிவுகளும் விசாரணையில் வெளிவந்தால், கிளெய்மோடு பாலிசியும் போய்விடும்.

நோயை மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டின் வேர் பல நேரம் பாலிசி எடுக்கும்போது நிரப்பும் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. முகவர் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று குறித்து, கையெழுத்தை மட்டும் வாங்கிச் சென்றிருப்பார். பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இருக்கும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். பிடிக்காவிட்டால் பாலிசியைத் திருப்பித் தர 30 நாள் அவகாசம் இருக்கிறது. விடுபட்ட நோயை அப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், அந்த நோய்க்குப் பணம் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் விதிக்கலாம். காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்து 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 36 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. முன்பு அது 48 மாதமாக இருந்தது. தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டியவரின் கிளெய்மை, தகவலைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக மறுக்கவும் முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விதிவிலக்கு. புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டு, சலுகை நாள்களும் கடந்துவிட்டால், இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் வீணாகும்.

"வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்தவர்"

காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி என்று சேர்ந்து, இரண்டு நாளில் எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்று வீடு திரும்பியவர்களின் கிளெய்ம் அடிக்கடி அடிபடும் இடம் இது. நோயைக் கண்டறிய மட்டும் மருத்துவமனையில் தங்கினால் பணம் தர வேண்டியதில்லை என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு விலக்கு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வரிசையாக இருந்து, சிகிச்சை என்ற இடத்தில் இரண்டு மாத்திரைகள் மட்டும் இருந்தால், அதிகாரி அந்த விலக்கைக் கையில் எடுப்பார்.

உண்மையில் நோயாளிக்கு வாந்தி நிற்காமல் இருந்திருக்கும், டிரிப்ஸ் ஏற்றியிருப்பார்கள், பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போயிருக்கும். அதை யாரும் சம்மரியில் எழுதியிருக்க மாட்டார்கள். சம்மரியைப் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் நாளின் அவசரத்தில்தான் தயாரிக்கிறார்கள். கையில் வாங்கியவுடன் உட்கார்ந்து படியுங்கள். வெளிநோயாளியாக வைத்துப் பார்க்க முடியாத நிலை ஏன் இருந்தது, ஊசி வழியாக என்ன மருந்து கொடுத்தார்கள், சேரும்போது ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் என்ன? இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்துத் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். நடந்ததைத்தானே எழுதச் சொல்கிறோம், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அறை வாடகை வைக்கும் வெட்டு

கிளெய்ம் கிடைத்தும் கையில் இருந்து பெரிய தொகை போனது ஏன் என்று புரியாமல் நிற்பவர்கள் அதிகம். ஒரு கணக்கைப் பார்ப்போம். காப்பீட்டுத் தொகை 5 லட்சம். அறை வாடகை உச்சவரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நோயாளி 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். கூடுதல் 12,000 ரூபாய்தானே, நாமே கட்டிவிடலாம் என்று குடும்பம் நினைக்கிறது.

பில் இப்படி வருகிறது: அறை வாடகை 32,000, அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,60,000, மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்திய கருவி 80,000. மொத்தம் 2,72,000. வாடகையில் 20,000 மட்டுமே ஏற்கப்படும். நிபுணர் கட்டணம் முதலானவையும் அதே விகிதத்தில், எட்டுக்கு ஐந்து பங்காக, 1,00,000 ஆகக் குறையும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் கருவிக்கும் இந்த விகித வெட்டு பொருந்தாது. 80,000 முழுதாக வரும். ஆக, கிடைப்பது 2 லட்சம். 12,000 என்று நினைத்தது 72,000 ஆகிவிட்டது.

அறை மாறினால் மருத்துவமனையின் மற்ற கட்டணங்களும் உயர்கின்றன என்பதுதான் இந்த வெட்டுக்கு அடிப்படை. அறைக்கு ஏற்றபடி கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் இந்த வெட்டைப் போடக் கூடாது; ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் போடக் கூடாது. மருந்திலும் பரிசோதனையிலும் கைவைத்திருந்தால் எதிர்த்து எழுதுங்கள். கிளெய்ம் கணக்குத் தாளை வரிக்கு வரி படிக்காமல் விடுவது பெரிய தவறு. திட்டமிட்ட சிகிச்சை என்றால், அட்மிஷன் கவுன்ட்டரில் அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் பாலிசியின் உச்சவரம்பைச் சொல்லி, அதற்குள் என்ன அறை இருக்கிறது என்று கேளுங்கள். வரம்புக்குள் அறை காலியில்லாததால் மேல் வகுப்பு அறை தரப்பட்டது என்றால், மருத்துவமனையிடமிருந்து அதை எழுதி வாங்குங்கள். நிறுவனத்திடம் வாதாட ஒரு பிடி இருக்கும்.

கேஷ்லெஸ் மறுப்பு என்பது முடிவு அல்ல

நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின் நிபந்தனை. மூன்று மணி நேரம் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் மாலை வரை காத்திருப்பவர்கள் இதை நினைவூட்டலாம். மருத்துவமனை இறுதி பில்லை எத்தனை மணிக்கு அனுப்பியது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதம் பல நேரம் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில்தான் இருக்கும்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டதும் கிளெய்மே போய்விட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது மிகவும் வருத்தமான தவறு. தகவல் போதவில்லை என்பதற்காகவும் கேஷ்லெஸ் மறுக்கப்படுகிறது. பணத்தைக் கட்டி சிகிச்சையை முடித்து, ஆவணங்களோடு விண்ணப்பித்துத் திரும்பப் பெறும் உரிமை அப்படியே இருக்கிறது. இதற்கு முக்கிய நிபந்தனை, அட்மிஷன் தகவலை நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும். அவசர அட்மிஷன் என்றால் பல பாலிசிகளில் 24 மணி நேரம், திட்டமிட்ட சிகிச்சை என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே. தொலைபேசியில் சொன்னால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

நிறுவனம் கேள்வி கேட்டு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வராததால் மூடப்படும் கிளெய்ம்களும் உண்டு. பாலிசியில் முகவரின் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கும். நமக்கு எதுவும் வந்திருக்காது. உங்கள் பாலிசியை எடுத்து இன்றே பாருங்கள்.

தாள்களில் நழுவும் விஷயங்கள்

நம் ஊரில் இனிஷியல் ஒரு தனிப் பிரச்சினை. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக, பாலிசியில் இனிஷியலே இல்லை, மருத்துவமனையில் செல்லப் பெயர். நான்கும் ஒருவரே என்று நமக்குத் தெரியும்; கணினிக்கும் புதிய அதிகாரிக்கும் தெரியாது. சேரும்போது பாலிசி அட்டையில் உள்ளபடியே பெயரையும் வயதையும் பதியச் சொன்னால் பின்னால் அலைச்சல் இல்லை.

கண்புரை சிகிச்சையில் பொருத்திய லென்ஸ், இதயத்தில் வைத்த ஸ்டென்ட் ஆகியவற்றின் ஸ்டிக்கரையும் விலைப் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். விபத்து என்றால், ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்பார்கள். மருந்துக் கடை பில்லோடு மருத்துவரின் சீட்டு இருக்க வேண்டும். அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் ஆன செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. சில கூடுதல் நாள்களும் தருகின்றன. அதைக் கேட்காமலேயே விடுபவர்கள் ஏராளம். கையுறை, முகக்கவசம், உடன் தங்கியவரின் சாப்பாடு போன்றவை பெரும்பாலான பாலிசிகளில் வராது, அதற்காகச் சண்டையிட வேண்டாம்.

அலுவலகக் குழுக் காப்பீடு, சொந்தப் பாலிசி இரண்டும் இருந்தால், முதலில் ஒன்றில் கேட்டு, அது கொடுத்த கணக்குத் தாளையும் சான்றளித்த நகல்களையும் வைத்து மீதியை இரண்டாவதில் கேட்கலாம். அதனால் அசல் ஆவணங்களை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

நிராகரித்த பிறகு

தொலைபேசியில் சொல்வதை ஏற்காதீர்கள். பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இணையத்திலும் புகார் தரலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள்; கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே விஷயத்துக்காக நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே ஏற்க மாட்டார்கள்.

அங்கே போகும்போது கோபக் கடிதத்தைவிட உதவுவது கேஸ் ஷீட்டின் முழு நகல். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. விண்ணப்பத்தை இரண்டு பிரதியாக எடுத்துச் சென்று, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.