கூழ்ப் புத்தகம்: உங்கள் படநூலை நீங்களே அச்சிடுவது எப்படி

படம் வரையத் தொடங்குமுன் ஒருமுறை அச்சகத்துக்குப் போய் வாருங்கள். சொந்தமாக ஒரு படநூல் செய்யவேண்டும் என்று வழி கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எங்களோடு சித்திரம் படிக்கும் பலர் எல்லாப் படத்தையும் வரைந்து முடித்த பிறகுதான் எந்த அளவில் அடிக்கலாம் என்று விசாரிக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் தாளின் அளவு பொருந்தாது, பக்கக் கணக்கு பொருந்தாது, வடிவாக வந்த படத்தின் ஓரத்தை வெட்டவேண்டி வரும்.

நான் செய்த புத்தகம் ஒடியல் கூழ், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் கூழ் பற்றியது. பானைக்குள் என்னென்ன போகிறதோ அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்: பலாக்கொட்டை, பயத்தங்காய், மரவள்ளிக்கிழங்கு, மீன், நண்டு, இறால், கணவாய், முருங்கையிலை, புளி, செத்தல் மிளகாய், கடைசியாகக் கரைத்து விடும் ஒடியல் மா. பின்னட்டையில் பிளா, கூழ் குடிக்கப் பனையோலையில் மடிக்கும் கிண்ணம். யாழ்ப்பாணத்தில் பாசையூரிலும் குருநகரிலும் காலைச் சந்தையில் நின்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்து, கொக்குவிலில் வீட்டு மேசையில் நீர்வர்ணத்தில் முடித்தேன். கீழே சொல்வதையெல்லாம் அந்தப் புத்தகத்தை வைத்தே சொல்கிறேன்.

அச்சகத்தில் என்ன கேட்பது? "தங்கச்சி, எத்தினை பக்கம், என்ன சைஸ், எத்தினை கொப்பி? இந்த மூண்டையும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் சொல்லுறன்" என்றார் அங்கிருந்த அண்ணா. ஒஃப்செற் முறையில் சயன் என்ற நீலம், மஜெண்டா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறத்துக்கும் தனித்தனியாகப் பிளேற், அதாவது அச்சுத் தகடு, செய்யவேண்டும். பத்துப் பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். டிஜிட்டல் மெசினுக்குப் பிளேற் இல்லை. ஐம்பது, நூறு பிரதி என்று நினைக்கும் மாணவருக்கு டிஜிட்டல்தான் கட்டுப்படியாகும். அங்கே இருப்பில் உள்ள தாள்களில் ஒவ்வொரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். பெயரையும் ஜிஎஸ்எம் அளவையும் (ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) துண்டின் மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு ஏ5 நல்லது. ஏ4 தாளை நடுவில் மடித்தால் வருவது அதுதான், 148 க்கு 210 மில்லிமீற்றர். மடித்து நடுவில் தைக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கால் பிரிபட வேண்டும். 22 பக்கம் என்று ஒன்று கிடையாது, 20 அல்லது 24. நான் 24 எடுத்தேன்.

இனி மாதிரிப் புத்தகம். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், ஏனென்றால் புத்தகத்தின் வடிவமைப்பு முழுவதும் இங்கேதான் நடக்கிறது. ஆறு வெற்று ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் எண் போடுங்கள். பிறகு தாள்களைக் கழற்றிப் பாருங்கள். 1 இருக்கும் முகத்தில் 24 இருக்கும், 2 உடன் 23, 9 உடன் 16. எந்தத் தாளைப் பார்த்தாலும் ஒரு முகத்தில் உள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 25. இதைக் கையால் செய்து பார்த்தால்தான் விளங்கும். 12 உம் 13 உம் மட்டும்தான் ஒரே தாளின் ஒரே முகத்தில் அருகருகே வருகின்றன. மற்ற எல்லா விரிப்பிலும், அதாவது புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கத்திலும், இடது பக்கம் ஒரு தாள், வலது பக்கம் இன்னொரு தாள். அவை ஒரு மில்லிமீற்றர் ஏறி இறங்கலாம், நிறமும் கொஞ்சம் மாறலாம். அதனால் இரண்டு பக்கத்துக்கும் பரவும் பெரிய படத்தை நடுவிரிப்பில் வையுங்கள். என் கூழ்ப்பானை அங்கேதான் இருக்கிறது. வேறு விரிப்பில் படம் பரவினால் மீனின் கண்ணோ ஆளின் முகமோ மடிப்பில் விழாமல் பாருங்கள்.

மாதிரியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்போதுதான் பக்கம் திருப்புவதற்கு உள்ள வலிமை தெரியும். எங்கள் கடலில் பிடிபடும் நீலக்கால் நண்டு உயிரோடு இருக்கும்போது நீலம், வெந்தால் சிவப்பு. 9ஆம் பக்கத்தில் நீல நண்டை வைத்தேன். அதே தாளின் மறுபுறமான 10இல், அதே இடத்தில், அதே அளவில் சிவந்த நண்டு. வாசிக்கிற பிள்ளை தாளைத் திருப்பும்போது நண்டு வெந்துவிடுகிறது. இதை எழுத்தில் சொல்லத் தேவையே இல்லை. படநூலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வாசகரின் கையும் கதையில் பங்கெடுக்கிறது. எதை வலது பக்கத்தில் வைத்துக் காத்திருக்க வைப்பது, எதைத் திருப்பினால் காட்டுவது என்று மாதிரியில் பென்சிலால் கிறுக்கியே முடிவெடுங்கள்.

ஆனால் 80 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்கச் சிவப்பு முன்பக்க நீலத்துக்குள் தெரியும். அதனால் எனக்கு 130 ஜிஎஸ்எம் தேவைப்பட்டது, அட்டைக்கு 250. பளபளக்கும் ஆர்ட் தாளில் நிறம் பளிச்சென்று வரும், ஆனால் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசும். நீர்வர்ணத்துக்கு மினுக்கம் இல்லாத தாளே அழகு என்பது என் முடிவு. தாளுக்கு இழையோட்டம் உண்டு, அதன் இழைகள் ஒரு திசையில் ஓடும். இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள், இலகுவாக வளையும் பக்கமாகவே மடிப்பு வரவேண்டும். குறுக்கே மடித்தால் அட்டையின் முதுகில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மடிக்குமுன் அட்டையில் ஒரு கோட்டுத் தடம் அழுத்தித் தரச் சொல்லுங்கள்.

இப்போது வரையலாம். அச்சில் வரும் அளவை விட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து சிறுப்பித்தால் கோடு கூர்மையாகத் தெரியும். படுக்கை ஸ்கானரில் 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) எடுங்கள். மெல்லிய நீர்வர்ணப் பூச்சை ஸ்கானர் வெளுப்பாக்கிவிடும், மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறத்தைச் சரிசெய்யுங்கள். இறுதிப் பக்கம் 300 டிபிஐயில் இருக்கவேண்டும். ஓரம் வரை நிறம் போகும் பக்கத்தில் வெட்டுக்காக எல்லாப் பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட்டிவிடுங்கள். ஏ5 பக்கம் அப்போது 154 க்கு 216 மில்லிமீற்றர் ஆகும், பிக்சலில் 1819 க்கு 2551. எழுத்தையும் முக்கியமான உருவத்தையும் வெட்டும் ஓரத்திலிருந்து 10 மில்லிமீற்றராவது உள்ளே வையுங்கள். மடித்த தாள்களில் உள்தாள் வெளியே துருத்தும், அதை வெட்டும்போது நடுப்பக்கங்கள் ஒடுங்கிவிடும்.

நீலம் தனியாகப் பேசவேண்டிய சங்கதி. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால் காட்டுகிறது. திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் அடங்கிப் போகும். நீலம் பல நேரம் ஊதாவாகவும் மாறிவிடும். மஜெண்டாவைக் குறைத்து வைப்பதுதான் வழி. சயன் 100 என்றால் மஜெண்டா 60ஐத் தாண்டாமல் பாருங்கள். கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் அச்சு நிறம் எப்படி வரும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். என்றாலும் நண்டுப் பக்கத்தை மட்டும் அதே தாளில், அதே மெசினில் ஒன்று அடித்துப் பாருங்கள். திரையை நம்பி முழுவதையும் அடிக்கக் கொடுக்கவேண்டாம்.

எழுத்துக்கு வருவோம். எங்கள் ஊர் அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது கைபேசியிலும் இணையத்திலும் நாங்கள் எழுதும் யூனிகோட் அல்லாத பழைய முறை. நீங்கள் யூனிகோட்டில் தட்டச்சு செய்த பாடத்தைப் பாமினிக்குப் பழகிய கோப்புக்குள் ஒட்டினால் குழம்பிவிடும். பக்கத்தை நீங்களே அமைத்து, பிடிஎஃப் ஆகக் கொடுப்பதே பாதுகாப்பு. இலவசமாகச் செய்ய ஸ்கிரைபஸ் என்ற பக்க அமைப்பு மென்பொருள் போதும், 1.6 பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியது. பழைய 1.4 இல் தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேராது, கொம்பு இடம் மாறி நிற்கும். இன்டிசைன் மென்பொருள் வைத்திருப்பவர்கள் உலக மொழிகளுக்கான பந்தி அமைப்பை (World-Ready Paragraph Composer) தெரிவு செய்யவேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை மூன்றும் இலவசம், அச்சிட்டு விற்கவும் தடையில்லை.

தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரிகளை நெருக்கக் கூடாது. 12 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளி வரியிடைவெளி கொடுங்கள். சொற்கள் நீளமானவை, சிறிய பக்கத்தில் இருபுறமும் சமப்படுத்தினால் இடையில் ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும். எழுத்தின் கறுப்பு தனிக் கறுப்பு மையாக மட்டும் இருக்கவேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து மங்கும்.

பிழை பார்ப்பதைத் தனியாகச் செய்யாதீர்கள். தமிழ் ரீச்சர் ஒருவர் ண, ன, ந பார்த்தார். அம்மம்மா சமையல் பார்த்தார். "ஒடியல் மாவை ஊறப்போட்டு வடிச்சு எடுக்காட்டிக் காறும், அதை ஏன் எழுதேல்லை?" என்று அவர் கேட்டபடியால்தான் 20ஆம் பக்கம் இப்போது இருக்கிறபடி இருக்கிறது. எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகே எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது தட்டச்சில் திருத்தமுடியாத வெறும் வடிவமாக, மாற்றுங்கள். மாற்றாத கோப்பையும் கட்டாயம் வைத்திருங்கள். அச்சகத்துக்குப் பென்ரைவில் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ஆவணமாக அனுப்புங்கள்.

கட்டுவது வீட்டிலேயே முடியும். ஸ்டேப்ளர் கம்பி எங்கள் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தாளில் கறை விடும் என்பதால் நான் நூலால் தைத்தேன். மடிப்பில் மூன்று துளை போடுங்கள், நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. பருத்தி நூலில் மெழுகுதிரியைத் தேய்த்து, உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே வாருங்கள். மேல் துளையால் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையால் உள்ளே போங்கள். நீளமாகக் கிடக்கும் நூல் இரண்டு முனைக்கும் நடுவில் வரும்படி முடிச்சுப் போடுங்கள். தைத்த பிறகு மூன்று ஓரத்தையும் அச்சகத்து வெட்டு மெசினில் ஒரேயடியாக வெட்டுவித்தால் விளிம்பு நேராக இருக்கும்.

மாணவர் ஒருவர் தானே நூல் போடுவதா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் தன் அச்சுக்கூடத்தை நிறுவியது 1849இல், அவர் இருபதுகளில் இருந்தபோது. மானிப்பாயில் மிஷன் அச்சகம் அதற்கு முன்பே இயங்கியது. அச்சு இந்த ஊருக்குப் புதிதில்லை.

நண்பர்களுக்கும் உறவுகளுக்கும் கொடுப்பதற்கு ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக எண் தேவையில்லை. கடையில் வைத்து விற்பதானால் எடுத்துவிடுங்கள். கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது. இலங்கை எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். 2ஆம் பக்கத்திலும் பின்னட்டையிலும் அதற்கு இடம் விட்டே வடிவமையுங்கள். அச்சுக்குப் போகுமுன் விண்ணப்பித்தால்தான் எண் உள்ளே ஏறும்.